வள்ளியம்மாவின் பேரன்

'இன்னார் பேரன்' என்று நம் ஊர்களில் பெருமை பேசுவது பெரும்பாலும் நிலமுள்ள வீடுகளில்தான். அரக்கோணத்துக்காரர் அறிவு அந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

பா.இரஞ்சித்தின் முயற்சியில் 2017-இல் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பறை, கானா, ராக் கித்தார் ஒலிக்க ராப் பாடியவர் அவர். 2024-இல் வெளியிட்ட தனி இசைத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.

வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அங்கேயும் நிலமில்லை, திரும்பி வந்த இங்கேயும் நிலமில்லை.

2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் அறிவு எழுதியதும் இந்தக் கதையைத்தான். பாட்டு உலகம் சுற்றியது. ஆனால் அதைக் கொண்டாடிய ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் எழுதியவரின் படம் இல்லை, கண்டனம் எழுந்தது. அவர் அடுத்துத் தன் பெயரை மட்டும் முன்னால் வைக்கவில்லை, பாட்டியின் பெயரையும் வைத்தார். பட்டாவில் ஏறாத பெயர் பாட்டில் ஏறியது.

மாணவர்களே, நம் பாட்டிமாரிடம் இன்றிரவே கேட்போம்: எந்த ஊரிலிருந்து வந்தாய், என்ன வேலை செய்தாய், எவ்வளவு கூலி? சொல்வதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்போம்.