மண்ணெண்ணெய் வள்ளமும் ஸ்பார்க் பிளக்கும்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளிலிருந்து கடலுக்குப் போகும் எஞ்சின் வள்ளங்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஆயிலும் அதில் கலந்திருக்கும். அரைகுறையாக எரிந்த கரியும் பிசுக்கும் ஸ்பார்க் பிளக்கின் முனையில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால், இடைவெளியில் பொறியாகத் தாவ வேண்டிய மின்சாரம் முனையைச் சுற்றியுள்ள பீங்கானின் மேல் படிந்த கரி வழியாகவே கசிந்துவிடும். எஞ்சின் விட்டு விட்டு அடிக்கும். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் எரியாமலே புகையோடு போகும்.

இதற்கு மருந்து பிளக்கின் வெப்பநிலையில் இருக்கிறது. முனை ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் படிந்த கரி தானாக எரியும். 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறி விழும் முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டன் ஓட்டையாகலாம். ஆகவே கரி படிகிறதே என்று ஒரேயடியாகச் சூடான பிளக்கை மாட்டி, முழு வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவது ஆபத்து. பிளக்கின் வெப்ப எண்ணைப் பார்த்து வாங்குவதிலும் கவனம் வேண்டும்: என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த வகை. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கன்னங்கரேலென்றால் கரி, வெளுத்திருந்தால் அதிகச் சூடு.

அடுத்தது கேப், அதாவது பொறி தாவும் இடைவெளி. பல பைக்குகளில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கேப்பைச் சற்றுக் கூட்டினால் பொறி நீளமாகி, எரிபொருள் குறைந்த மெலிந்த கலவையும் பற்றும். ஆனால் அதைத் தாண்ட மின்னழுத்தம் கூடுதலாகத் தேவை. இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தால் ஏற்றத்தில் பொறி தவறும். பிளக் தேயத் தேய கேப் தானாகவே அகல்வதால், பழைய வண்டி எரிபொருளை அதிகம் குடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலெக்ட்ரோடை வெட்டுவது, பள்ளமிடுவது, பல முனை வைப்பது போன்ற மாற்றங்களால் மைலேஜ் எகிறும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் கலவை ஒவ்வொரு முறையும் பற்றத்தான் செய்கிறது. அதற்கு மேல் பொறியால் கூட்டித்தர எதுவும் இல்லை. இரிடியம் முனை வைத்த பிளக்கின் உண்மையான லாபம் நீண்ட ஆயுள். குறைந்த மின்னழுத்தத்திலும் அது பொறி தரும்.

எஞ்சினையே இரட்டைப் பிளக்குக்கேற்ப வடிவமைத்தால் கதை வேறு. 2003-ல் பஜாஜ் பல்சரில் ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக்குகள் வந்தன. தீ இரு பக்கமிருந்தும் பரவுவதால் மெலிந்த கலவையும் விரைந்து எரிகிறது. ஓசூரின் டி.வி.எஸ். தன் ஃபிளேம் பைக்கில் இரட்டைப் பிளக் வைத்தபோது பஜாஜுடன் காப்புரிமை வழக்கு மூண்டது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனைக்கு வழிவிட்டது. இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் அளவுக்கு இரட்டைப் பிளக்கில் மதிப்பு இருந்தது.

வீட்டு வண்டிக்கும் வள்ளத்துக்கும் தேவை அந்த எஞ்சினுக்குரிய எண்ணுள்ள பிளக், சரியான கேப், நேரத்துக்கு மாற்றுதல். கடலுக்குப் போகிறவர்கள் உபரியாக ஒரு பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் நனையாமல் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும்.