எமுலேட்டர் வழிப் பழைய இயங்குதளங்களை மீட்டல்: ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வழக்கொழிந்த கணிப்பொறி இயங்குதளங்களை இன்றைய கணிப்பொறிகளில் எமுலேட்டர் என்னும் மென்பொருளின் துணையால் மீண்டும் இயக்க முடிகிறது. அம்முறை செயல்படும் விதத்தையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. யூனிக்ஸ் முதற்பதிப்பு மீட்கப்பட்ட வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, எமுலேஷன் என்பது தொழில்நுட்பப் பணி மட்டுமன்று, சுவடிப் பதிப்புக்கு நிகரான ஆய்வுப்பணியும் ஆகும் என்பதை நிறுவுகிறது. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகளுக்கு இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எமுலேட்டர், இயங்குதளம், யூனிக்ஸ், டாஸ், குறியேற்றம், மின்னணு ஆவணக் காப்பு

முன்னுரை

ஓலைச்சுவடியைப் படிக்க வெளிச்சமும் எழுத்தறிவும் போதும். நெகிழ்வட்டில் உள்ள கோப்பைப் படிக்க அவை போதா. கோப்பை உருவாக்கிய மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் இயங்குவதற்கு உரிய இயங்குதளம் வேண்டும். இயங்குதளத்தைத் தாங்கும் பொறி வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாது போனாலும் கோப்பு வெறும் எண்வரிசையாக எஞ்சிவிடும். பொறிகள் பழுதடைந்து மறையும் நிலையில், அவற்றின் இடத்தை நிரப்பும் வழிகளுள் முதன்மையானது எமுலேஷன்.

எமுலேஷன்: பொருளும் செயல்முறையும்

ஒரு பொறியின் நடத்தையை வேறொரு பொறியில் நிகழ்த்திக் காட்டுவதே எமுலேஷன். தக்க விவரிப்பைக் கொடுத்தால் பிற கணிப்பொறிகளின் செயலைத் தானே செய்யவல்ல பொதுப்பொறி ஒன்று இயலும் என்பதை ஆலன் டூரிங் 1936இல் கோட்பாட்டளவில் காட்டினார். வணிக உலகில் இக்கருத்து விரைவில் தேவையாயிற்று. ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, வாடிக்கையாளர்கள் முந்தைய 1401 பொறிக்கென எழுதிய நிரல்களைக் கைவிட விரும்பவில்லை. எனவே புதிய வரிசையின் சில பொறிகளில் பழைய நிரல்கள் இயங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பழம்பொருள் ஆர்வம் அன்று, பழைய உழைப்பைக் காக்கும் தேவையே எமுலேஷனை வளர்த்தது என்பது இதனால் புலனாகும்.

எமுலேட்டர், பழைய நுண்செயலிக்குரிய கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளறிந்து, அதே விளைவைப் புதிய பொறியில் உண்டாக்குகிறது. நுண்செயலி மட்டும் போதாது. திரை, விசைப்பலகை, கடிகாரம், வட்டுக் கட்டுப்படுத்தி ஆகியவற்றின் நடத்தையையும் அது போலச்செய்தல் வேண்டும். நெகிழ்வட்டின் இடத்தில் அதன் உள்ளடக்கம் முழுவதையும் கொண்ட வட்டுப் படிமம் என்னும் கோப்பு அமைகிறது. இயங்குதளம் தன் பழைய பொறியிலேயே இருப்பதாகக் கொண்டு இயங்குகிறது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் நுண்செயலி 4.77 மெகாஹெர்ட்சில் இயங்கியது. இன்றைய பொறிகள் அதனினும் பன்மடங்கு விரைவானவை என்பதால் இவ்விடைநிலை வேலையை எளிதில் தாங்குகின்றன.

இதனை மெய்நிகராக்கத்தினின்றும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மெய்நிகராக்கத்தில் விருந்து இயங்குதளத்தின் கட்டளைகளுள் பெரும்பாலானவற்றை உண்மையான நுண்செயலியே நேரடியாக நிறைவேற்றும். ஆகவே இரண்டும் ஒரே குடும்பத்து நுண்செயலியைச் சார்ந்திருக்க வேண்டும். எமுலேஷனுக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

பழைய நிரல்கள் நேரடியாக இயங்காமைக்குக் காரணம்

64 பிட் முறையில் இயங்கும் இன்றைய நுண்செயலியில், டாஸ் நிரல்களுக்கு இடமளித்த 'மெய்நிகர் 8086' நிலை கிடையாது. 64 பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களையும் 16 பிட் விண்டோஸ் நிரல்களையும் ஏற்பதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே இத்தகைய நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ், கியூஈமு, பாக்ஸ் முதலான எமுலேட்டர்களையே நாடவேண்டியுள்ளது.

யூனிக்ஸ் முதற்பதிப்பின் மீட்பு

கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளைத் தாங்கியது. அது பி.டி.பி-11/20 என்னும் பொறியில் இயங்கியது. அப்பதிப்பின் கெர்னல் எனப்படும் கருப்பகுதியின் மூலநிரல் மின்வடிவில் கிட்டவில்லை. 1972 ஜூன் மாதத்து ஆவணம் ஒன்றில் அச்சுவடிவில் எஞ்சியிருந்தது. 2008இல் ஆர்வலர் குழு ஒன்று அத்தாள்களின் படிமங்களை எழுத்துணரி வழியாக உரையாக்கி, பிழைகளைக் கையால் திருத்தி, சிம்எச் என்னும் எமுலேட்டரில் இயக்கிக் காட்டியது.

இம்மீட்பில் எதிர்ப்பட்ட மூன்று சிக்கல்கள் பதிப்பியல் மாணவருக்குப் புதியன அல்ல. முதலாவது, எழுத்து மயக்கம்: எழுத்துணரி தவறாகப் படித்த ஓர் எழுத்தும் நிரலின் பொருளை மாற்றிவிடும். இரண்டாவது, சான்றுகளின் காலவேறுபாடு: கருப்பகுதி தாளில் கிடைத்தது, துணைநிரல்களோ பழைய காந்தநாடாக்களிலிருந்து பெறப்பட்டவை. அவற்றுள் சில சற்றுப் பிந்தைய கோப்பு வடிவில் இருந்தமையால், அவை இயங்கும்பொருட்டுக் கருப்பகுதியில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது, கருவியின் குறை: பெருக்கல், வகுத்தலுக்கென அக்காலப் பொறியில் இணைக்கப்பட்ட தனி அலகு சிம்எச்சில் இல்லாமையால் அதனைப் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது.

எனவே இன்று இயங்கிக் காட்டும் யூனிக்ஸ், 1972இன் பொறியில் இருந்ததன் அச்சுப்பிசகாத நகல் அன்று. பல சான்றுகளை ஒப்பிட்டு அமைத்த ஆய்வுப்பதிப்பு அது. குழுவினர் தாம் செய்த மாற்றங்களைப் பதிவு செய்திருப்பதாலேயே அது நம்பகமானதாகிறது.

விரைவும் பிழையும்

பழைய பொறியினும் விரைவாக இயங்குவது எப்போதும் நன்மையாகாது. டர்போ பாஸ்கல் மொழியின் சிஆர்டி அலகைப் பயன்படுத்திய நிரல்கள், தொடங்கும்போதே ஏறத்தாழ 55 மில்லிநொடிக்குள் ஒரு சுழற்சி எத்தனை முறை நிகழ்கிறது என எண்ணி, அவ்வெண்ணை 55ஆல் வகுத்துத் தாமத அளவைக் கணிக்கும். பொறி மிக விரைவாயின் ஈவு 16 பிட் எல்லைக்குள் அடங்காது. 'இயக்கநேரப் பிழை 200' எனக் காட்டி நிரல் நின்றுவிடும். டாஸ்பாக்சில் சுழற்சி எண்ணிக்கையைக் குறைத்தால் அதே நிரல் ஒழுங்காக இயங்கும். பொறியின் மந்தமும் நிரலின் சூழலில் ஒரு பகுதியே என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

தமிழ்க் கோப்புகளுக்கு இதன் தேவை

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் 8 பிட் எழுத்துருக் குறியேற்றங்களில் அமைந்தன. பாமினி, திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டேம், டேப் முதலியன ஒவ்வொன்றும் எண்களுக்கு வெவ்வேறு எழுத்துகளை வகுத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு சிறிய உரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கோப்பில் பதிவாகும். எழுத்துரு இல்லையேல் அதனைத் தமிழ் எனக் கண்டறிவதே அரிது. வரிசைமுறையும் வேறானது: 'கெ' என்பதில் கொம்பு முன்னரும் ககரம் பின்னரும் பதிவாகும், ஒருங்குறியில் ககரமே முதலில் வரும்.

குறியேற்றம் இன்னதெனத் தெரிந்தால் மாற்றி மென்பொருள் உரையை ஒருங்குறிக்குக் கொண்டுவரும். ஆனால் அது உரையை மட்டுமே தரும். எழுத்துருவின் அகலம் மாறுவதால் பக்கப் பிரிவு மாறும். பக்க எண்ணைச் சுட்டும் பொருளடைவு பொருளிழக்கும். ஓர் ஆய்வேட்டின் நெகிழ்வட்டு வடிவில் இருந்து மேற்கோள் காட்ட விரும்புவோர்க்கு இது சிறு இழப்பன்று. பழைய விண்டோஸ், அதே சொற்செயலி, அதே எழுத்துரு, அதே அச்சுப்பொறி இயக்கி ஆகியவற்றை எமுலேட்டரில் ஒருங்கே அமைத்தால், ஆசிரியர் கண்ட பக்கத்தை நெருங்க முடியும். அப்பக்கத்தை வைத்தே மாற்றியின் விளைவைச் சரிபார்க்கவும் முடியும்.

எல்லையும் உண்டு. சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை, கணிப்பொறிக்குள் தனியே பொருத்தப்பட்டு இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டிய வன்பொருள். பொதுவான கணிப்பொறியை மட்டும் போலச்செய்யும் எமுலேட்டரில் அவ்வட்டையின் நடத்தை இடம்பெறாது. யூனிக்ஸ் மீட்பில் பெருக்கல் அலகைச் சேர்க்க நேர்ந்தது போல, இதற்கும் அட்டையின் செயல்முறையைத் தனியே எழுதிச் சேர்த்தாலன்றி அதனைச் சார்ந்த திரைத்தோற்றம் மீளாது.

பின்பற்றத்தக்க நெறிகள்

1. நெகிழ்வட்டினின்று முதலில் முழு வட்டுப் படிமம் எடுத்து, எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்ணுடன் மூலப்படியாகக் காத்தல் வேண்டும். பணிகளை நகலில் மட்டுமே செய்தல் வேண்டும்.

2. எமுலேட்டரின் பெயர், பதிப்பெண், அமைப்புக் கோப்பு ஆகியவற்றைப் படிமத்துடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.

3. எழுத்துருக் கோப்பையும் விசைப்பலகை இயக்கியையும் ஆவணத்தின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.

4. உரிமநிலையை அறிதல் வேண்டும். ஃப்ரீடாஸ் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கது. யூனிக்சின் தொடக்கப் பதிப்புகள் 2002இல் திறந்த உரிமம் பெற்றன. எம்எஸ்-டாஸ் 4.00 பதிப்பின் மூலநிரல் 2024இல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. விற்பனை நின்றுவிட்டமையால் மட்டும் பிற இயங்குதளங்கள் பொதுவுடைமை ஆகிவிடா.

முடிவுரை

எமுலேட்டர் பழைய பொறியை மீண்டும் படைப்பதில்லை; அதன் நடத்தை பற்றி நாம் அறிந்ததை மட்டுமே நிகழ்த்திக் காட்டுகிறது. அறியாதது விடுபடும். அதனால் எமுலேட்டரில் தோன்றும் திரையை மூலமாகக் கொள்ளாது, ஒரு பதிப்பாகக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும். யூனிக்சுக்கு அச்சிட்ட தாளேனும் எஞ்சியது. நெகிழ்வட்டில் மட்டும் உள்ள தமிழ் ஆவணங்களுக்கு அத்தகைய துணை இல்லை. காந்தப்பூச்சு அழியுமுன் படிமம் எடுத்தலே அவற்றுக்கான முதற்பணி. எமுலேட்டரைப் பின்னர்ச் செம்மையாக்கலாம். அழிந்த வட்டை மீட்டல் இயலாது.