செக் இன்ஜின் லைட் எரியுதா? வெளி மெக்கானிக்கிட்ட போனா வாரண்டி போயிடுமா?

டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் படம் எரிஞ்சா, நமக்கு முதல்ல வர்ற பயம் இன்ஜினைப் பத்தி இல்லை, பில்லைப் பத்தி. அனந்தபுரத்துக்காரர்னா கம்பெனி சர்வீஸுக்கு விழுப்புரமோ திண்டிவனமோ போகணும், ஒரு நாள் லீவும் போகும். பக்கத்து மெக்கானிக்கிட்ட விடலாம்னா, "வெளியில கை வச்சா வாரண்டி போயிடும் சார்"னு ஏற்கெனவே பயமுறுத்தி வச்சிருப்பாங்க.

அது உண்மையா? 2011-ல வந்த ஒரு புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரிச்சு, 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டாடா, ஹோண்டா உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குக் கொடுக்காம வச்சிருந்ததுதான் பிரச்சினை. ரெண்டும் வெளிச்சந்தையில கிடைக்கணும்னு ஆணையம் சொன்னது. வெளியில ரிப்பேர் பண்ணாங்கன்னு மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. அந்தத் தப்பான ரிப்பேரால வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம்.

கம்பெனிகள் சும்மா விடலை, மேல்முறையீடு போனாங்க. 2016-ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் விஷயத்துல தப்பு தப்புதான்னு சொல்லி, அபராதத்தை மட்டும் குறைச்சது. அதனால சர்வீஸ் சென்டர்ல "வாரண்டி கட்"னு சொன்னா, எந்தப் பழுதுக்கு, எந்த விதிப்படின்னு எழுத்துல கேளுங்க. வாய்ப்பேச்சுக்கு மயங்காதீங்க.

இன்னொண்ணு, ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 பின் உள்ள ஓபிடி போர்ட் இருக்கும். அதுல சொருகுற ப்ளூடூத் ரீடர் ஆன்லைன்ல ஒரு சர்வீஸ் பில்லை விட ரொம்பக் கம்மி விலைக்கே கிடைக்குது. பி0301-னு வந்தா முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர். பெட்ரோல் கார்னா பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், இல்லை காயில். இது தெரிஞ்சுட்டுப் போனா, எஸ்டிமேட்ல இன்ஜெக்டர் க்ளீனிங் எதுக்குன்னு கேட்க முடியும். கோடை நீங்களே அழிச்சிடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. மெக்கானிக்குக்கு அது வேணும்.

ஆனா மலிவு ரீடர் பெரும்பாலும் இன்ஜின் கோடோட நின்னுடும். ஏர்பேக், ஏபிஎஸ், புது சாவி ப்ரோக்ராமிங்க்கெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் வேணும். நம்ம ஊர் மெக்கானிக் திறமையிருந்தும் கையை விரிக்கிறது அங்கதான். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல தொடங்கின ரைட் டு ரிப்பேர் போர்ட்டல்ல கார்களும் உண்டு. உங்க கம்பெனி அதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. எழுத்துல பதில் தர மறுத்தா, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.