இரசாயனம் நம் வாசலில் – 9: பற்றரியின் தலைமேல் நிற்கும் வாயு

சென்ற வாரம் ஒட்சிசனைப் பார்த்தோம். இந்த வாரம் ஐதரசன்.

புளியங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு நெடுங்கேணிப் பக்கம் திரும்பினால் வயலும் காடுந்தான். உழவு இயந்திரமும் அதன் பற்றரியும் இங்கே அன்றாடப் பொருள்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரிக்கே வழியில்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. இன்று பற்றரி தாராளமாகக் கிடைக்கிறது. அதற்குள் பிறக்கும் வாயுவைப் பற்றிய அறிவுதான் போதாது.

பள்ளிக்கூடத்தில் நாகத் துண்டின்மேல் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். குமிழி எழும்பும். எரியும் குச்சியைக் குழாய் வாயில் பிடித்தால் ‘பொப்’ என்று வெடிக்கும். தூய ஐதரசன் என்றால் சத்தமில்லாமல், கண்ணுக்கு எளிதில் தெரியாத சுவாலையோடு எரியும். வளியோடு கலந்திருந்தால்தான் அந்த வெடிப்பு. எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே.

பற்றரி முழுதாக ஏறிய பிறகும் சார்ஜரைக் கழற்றாமல் விட்டால், மின்சாரம் உள்ளிருக்கும் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும். மறைத்தகட்டில் ஐதரசன், நேர்த்தகட்டில் ஒட்சிசன். இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இரண்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. மிகக் கடுமையாக வெடிக்கும் விகிதமும் அதுவேதான். வளியில் ஐதரசன் 4 வீதம் முதல் 75 வீதம் வரை இருந்தால் தீப்பற்றும். அதற்குப் பெற்றோல் ஆவிக்குத் தேவையான பொறியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு போதும். கிளிப்பைக் கழற்றும்போது பறக்கும் சின்னப் பொறியே பற்றரியை உடைத்துக் கந்தக அமிலத்தை முகத்தில் அடித்துவிடும்.

இதே வாயு குளோரினோடு கலந்து நின்றால், நெருப்பே வேண்டாம். வெயில் பட்டாலே வெடிக்கும். சூடான கரிய செப்பு ஒட்சைட்டின்மேல் செலுத்தினால் அதன் ஒட்சிசனைப் பறித்துச் செந்நிறச் செம்பை மீட்டுத் தரும். நைதரசனோடு மட்டும் அவ்வளவு இலகுவில் சேராது. பெரும் அமுக்கமும் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் இரும்பு ஊக்கியும் வேண்டும். அப்படிப் பிறக்கும் அமோனியாவில் இருந்துதான் யூரியா வருகிறது. 2021இல் உர இறக்குமதி தடைப்பட்டபோது அந்த யூரியாவின் பெறுமதியை வன்னி விவசாயி வயலில் கண்டார்.

ஆகவே ஐதரசன் பகையுமல்ல, உறவுமல்ல. எதனோடு, எந்த நிலைமையில் சேர்கிறது என்பதே எல்லாம்.

பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து சார்ஜ் பண்ணுங்கள். முதலில் சுவிட்சை நிறுத்துங்கள், பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். தண்ணீர் மட்டம் பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்காதீர்கள். ரோச் லைற் போதும். அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளே, இதை இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.