ஜப்பான் பயணம் பாடியில் தொடங்கட்டும்

மாணவர்களை ஜப்பானுக்கு அழைத்துப்போகும் பயணங்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அசகுசாவில் சென்சோஜி கோயில், ஷின்கான்சென் ரயிலில் ஒரு சவாரி, ஃபூஜி மலை தெரியும் இடத்தில் குழுப்படம், யுகாதா உடுத்திக்கொண்டு தேநீர்ச் சடங்கில் ஒரு மணி நேரம், கடைசி நாள் கடைத்தெரு. ஏழெட்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். இதற்குப் பண்பாட்டு அனுபவம் என்று பெயர். மாமல்லபுரத்தையும் கபாலீசுவரர் கோயிலையும் பார்த்து, ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுகிற வெளிநாட்டுக்காரர் தமிழ்ப் பண்பாட்டை எவ்வளவு தெரிந்துகொண்டிருப்பாரோ, நம் பிள்ளைகளும் ஜப்பானை அவ்வளவுதான் தெரிந்துகொண்டு திரும்புவார்கள்.

அதற்காக இந்தப் பயணங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-இல் தொடங்கிய சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தில் இந்தியா 2016-இல் சேர்ந்தது. அரசுப் பள்ளி மாணவர்களும் அதில் போய்வருகிறார்கள். விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ஜப்பானே ஏற்கிறது. 2007 முதல் ஜெனிசிஸ் என்ற இளைஞர் பரிமாற்றத் திட்டமும் நடக்கிறது. பெற்றோர் கையிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி நடத்தப்படும் தனியார் பயணங்கள் தனி. யார் பணமானாலும் சிக்கல் ஒன்றுதான். கேள்வி எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் போகிற மாணவி திரும்பி வந்து, அங்கே தெரு சுத்தமாக இருக்கிறது, ரயில் நேரத்துக்கு வருகிறது, எல்லோரும் குனிந்து வணங்குகிறார்கள் என்பாள். யூடியூபில் பார்த்தாலே இவ்வளவும் தெரியும். இவையெல்லாம் எப்படி நடக்கின்றன, யார் உழைப்பில் நடக்கின்றன, அதற்கு அந்தச் சமூகம் என்ன விலை கொடுக்கிறது என்று கேட்கத் தெரிந்தால்தான் அது கல்விப் பயணம். அந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுக்க சென்னை வட்டாரத்து அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பள்ளிகளுக்கு வாய்த்திருக்கும் வசதி நாட்டில் வேறு பல ஊர்களுக்கு இல்லை. ஜப்பானியப் பழக்கங்களில் சில இந்த வட்டாரத்துக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

1998-இல் அம்பத்தூரை ஒட்டிய பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. ஜப்பானிய அறிவியலாளர்கள், பொறியாளர்கள் சங்கம் தரத்துக்காக வழங்கும் இந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அதுதான். 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ் என்று பாடி, அம்பத்தூர் வட்டாரத்துக்குள்ளேயே பரிசுகள் தொடர்ந்தன. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் வரை இதன் தாக்கம் இறங்கியது. பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து தருகிறவர் அதே தர முறைக்கு வந்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் கைசன் (தொடர்ந்து சிறிது சிறிதாக மேம்படுத்துவது), ஃபைவ் எஸ் (பணியிடத்தை ஒழுங்காக வைப்பது), போக்கா யோகே போன்ற சொற்கள் டோக்கியோவைப் படத்தில்கூடப் பார்க்காத ஐடிஐ படித்த தொழிலாளியின் வாயிலும் சாதாரணமாக வருகின்றன. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பொறியாளர்கள் அமைத்த ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் சங்கம் இன்று அமைந்தகரையில் ஜப்பானிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. தோசோகாய் என்றால் முன்னாள் மாணவர் சங்கம். கல்விக்காக ஜப்பான் போய்வருவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

இந்தச் சொற்களில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஃபைவ் எஸ் ஒழுங்காக நடக்கும் பட்டறையின் சுவரில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும், சுத்தியலுக்கும், ஆலன் கீக்கும் அதனதன் உருவத்தை அதில் வரைந்து வண்ணம் அடித்திருப்பார்கள். எடுத்த கருவியைத் திருப்பி மாட்டவில்லையென்றால் அந்த உருவம் வெறுமையாகத் தெரியும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சுவரே சொல்லிவிடும். போக்கா யோகேயின் கதை இன்னும் சுவையானது. தவறாகப் பொருத்த முடியாதபடி பாகத்தையோ கருவியையோ வடிவமைக்கும் முறை இது. இதை வகுத்த ஷிகேயோ ஷிங்கோ முதலில் வைத்த பெயர் பாகா யோகே, அதாவது முட்டாள் தடுப்பு. 1963-இல் அரகாவா கார் பாடித் தொழிற்சாலையில் இந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தான் முட்டாளா என்று அழுதுவிட்டாராம். ஷிங்கோ பெயரை மாற்றினார். போக்கா என்றால் கவனப்பிசகு. பிசகு எல்லோருக்கும் வரும், அது வராதபடி வேலையை அமைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்ற பார்வை அந்த ஒரு சொல் மாற்றத்தில் இருக்கிறது. விடைத்தாளில் தப்பு வந்தால் பிள்ளையை மட்டும் திட்டிப் பழகிய நம் வகுப்பறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஜப்பானியப் பாடம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

இதெல்லாம் தொழிற்சாலை உத்தி, இதைப் போய்ப் பண்பாடு என்பதா என்று கேட்கலாம். டெமிங் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆயிற்றே என்ற இன்னொரு கேள்வியும் வரும். அவர் 1950-இல் ஜப்பான் போய் விரிவுரை நடத்தினார், மறு ஆண்டே அவர் பெயரில் பரிசு ஏற்பட்டது என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வந்ததை வாங்கித் தன் கைக்குப் பழக்கிக்கொள்வதும் பண்பாட்டின் வேலைதான். ஆங்கிலேயர் வழியாகப் போன கறிப்பொடி ஜப்பானில் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. 1927-இல் வங்கப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் உதவியோடு நகமுராயா உணவகம் இந்தியக் கறியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. போதிதர்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். பூவிருந்தவல்லியைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலை கொண்டுவிடும் காஞ்சிபுரத்தைத்தான் அவர் ஊர் என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஜப்பானில் அவர் கையும் காலும் இல்லாத தருமா பொம்மையாகிவிட்டார். ஒரு காரியத்தை நேர்ந்துகொண்டு ஒரு கண்ணை வரைவார்கள், காரியம் முடிந்ததும் மறு கண். நம் ஆள் அங்கே போனார் என்ற பெருமையில் மட்டும் நின்றுவிட்டால், அவரை அவர்கள் என்னவாக மாற்றிக்கொண்டார்கள் என்ற சுவாரசியமான பாதி கைநழுவிவிடும். (ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்ற ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவின் கருத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மேடையில் மட்டும் அது நிறுவப்பட்ட உண்மையாக உலவுகிறது.)

பட்டறையில் இருக்கும் பழக்கத்துக்கு வேர் பள்ளியில் இருக்கிறது. பயணத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் ஒரு சாதாரண ஜப்பானியத் தொடக்கப் பள்ளிதான், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். முறை வந்த மாணவர்கள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து பாத்திரங்களைத் தூக்கி வந்து வகுப்புத் தோழர்களுக்குப் பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அதே அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு துடைப்பமும் ஈரத்துணியும் எடுத்து அறையையும் நடையையும் சுத்தம் செய்வார்கள். அதற்கும் முறை உண்டு. இது அவர்கள் பாடத்திட்டத்தின் பகுதி. எகிப்து 2018-இல் திறந்த எகிப்து-ஜப்பான் பள்ளிகள் இந்த முறையைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போயின. சிங்கப்பூரிலும் பள்ளி மாணவர்கள் தினமும் சிறிது நேரம் தங்கள் இடத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.

பள்ளிச் சாப்பாட்டில் நமக்கு ஜப்பானிடம் கூச்சம் தேவையில்லை. அங்கே 1889-இல் சுருவோகாவில் ஒரு கோயில் பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டை கொடுத்ததைத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இங்கே நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. பள்ளி மதிய உணவுக்கு ஜப்பான் சட்டம் இயற்றியது 1954-இல். இங்கே காமராஜரின் மதிய உணவுத் திட்டம், 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று வளர்ந்திருக்கிறது. சாப்பாடு போடுவதில் நாம் பின்தங்கவில்லை. யார் பரிமாறுகிறார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எச்சில் இடத்தை யார் துடைக்கிறார்கள் என்ற இடத்தில்தான் வித்தியாசம்.

இங்கேதான் மிகக் கனமான மறுப்பு வருகிறது, வரவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர்களைச் சுத்தம் செய்யச் சொல்வது ஒழுக்கப் பயிற்சியாக மட்டும் இருந்ததில்லை. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக் கழிப்பறை கழுவச் சொன்ன செய்திகள் இந்தப் பத்தாண்டில்கூட வந்திருக்கின்றன. தலைமை ஆசிரியர் கைதானதும் உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் சமைத்தார் என்பதற்காகச் சத்துணவைச் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் தடுத்ததும் நடந்திருக்கிறது. இந்த மண்ணில் துடைப்பத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியாது. ஆனால் அவர்கள் சொல்லும் அநீதிகளின் வேர், வேலையைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கியதில் இருக்கிறது. ஜப்பானிய முறையின் உயிர் முறைப்பட்டியல். மருத்துவர் மகனும் துப்புரவுத் தொழிலாளி மகளும் ஒரே குழுவில், ஒரே வாரத்தில், பெயர் எழுதி ஒட்டிய பட்டியல்படி செய்கிறார்கள், ஆசிரியரும் சேர்ந்துகொள்கிறார். பட்டியலை விட்டுவிட்டுத் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்தால் பழைய கொடுமை புதுப் பெயரில் நடக்கும். இங்கே செய்வதானால் வகுப்பறையும் நடையும் மட்டும்தான். கழிப்பறை, ஒழுங்கான சம்பளமும் கருவிகளும் உள்ள பணியாளரின் வேலை. பரிமாறும் முறையை அதற்கும் முன்னால் தொடங்கலாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மாறி மாறிப் பரிமாறி, ஆசிரியரும் உடன் உட்கார்ந்து சாப்பிடுகிற வகுப்பறை ஜப்பானில் செய்வதைவிட இங்கே அதிகம் செய்யும்.

இதைச் சொல்லும்போதே ஜப்பானைச் சாதியற்ற சொர்க்கமாக எண்ணிவிடக் கூடாது. தோல் பதனிடுதல், மாடு அறுத்தல் போன்ற தொழில்களோடு சேர்த்துத் தீட்டாக ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்கள் அங்கே உண்டு. 1871-இல் அரசாணையால் அந்த இழிநிலை சட்டப்படி நீங்கியது. திருமணத்திலும் வேலையிலும் நீங்கவில்லை. 1922-இல் அவர்கள் தங்களுக்கென்று சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கம் கண்டார்கள். சுயமரியாதை இயக்கத்தைப் பாடத்தில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் ஜப்பானில் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான். எந்தப் பயண நிகழ்ச்சி நிரலிலும் இது இருப்பதில்லை. பள்ளிகளின் மறுபக்கமும் அப்படித்தான். 2023 கல்வியாண்டில் பள்ளிக்குப் போகாமல் ஒதுங்கிய தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 3.46 லட்சம் பேர். இயற்கையாகவே பழுப்பு முடியுள்ள மாணவியைக் கறுப்புச் சாயம் பூசச் சொன்ன ஒசாகா பள்ளி 2017-இல் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது. கூட்டு ஒழுங்கு சிலரை மூச்சுமுட்ட வைக்கிறது. வேலையால் சாவதற்கு அந்த மொழியில் கரோஷி என்று தனிச் சொல்லே இருக்கிறது. கைசன் என்ற பெயரில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், பலன் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருவதில்லை என்ற குறை இந்தியத் தொழிற்சங்கங்களிடமும் உண்டு. அந்தக் குறையையும் கேட்டுவிட்டுப் போகிற மாணவர்தான் அங்கே கண்ணைத் திறந்து பார்ப்பார்.

பணம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நூறு பேர் படிக்கும் இடத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் விமானச் சீட்டு கிடைக்கும். மற்றவர்களுக்கு ஜப்பான் வெறும் வாட்ஸ்அப் படமாக முடிந்துவிடக் கூடாதென்றால், பயணத்தின் முதல் பாதியை எல்லோருக்கும் உரியதாக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பட்டறையின் ஷாப் ஃப்ளோர். பலகையில் வெறுமையாகத் தெரியும் ஸ்பேனரின் உருவம். அங்கே வேலை செய்கிறவரோடு ஒரு மணி நேரப் பேச்சு, நல்லதும் கெட்டதுமாக. அதில் எழும் கேள்விகளை வகுப்பே சேர்ந்து எழுதித் தேர்ந்தெடுத்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்பட்டும். திரும்பி வந்ததும் அவர் படக்காட்சி நடத்த வேண்டாம்; அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். பள்ளி நிர்வாகங்களும் தொழிற்சாலைகளும் பேசி முடிக்க வேண்டிய காரியம் இது, பெரிய செலவு எதுவும் இல்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் தொழிற்பேட்டைக்கு இறங்க வேண்டிய பட்டரவாக்கம் நான்காவது நிலையம்.