செயின் கழண்டா சீன் போச்சு பாஸ்!

பென்னலூர் ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் எழுந்து நின்னு மிதிக்கிறீங்க. அந்த நேரம் பார்த்து செயின் கழண்டா? பெடல் சும்மா சுத்தும், கால் வழுக்கும். மிச்சத்தை நினைக்கவே வேண்டாம்!

மவுன்ட்டன் பைக்கில் முன்பல்சக்கரம் மூணு இருந்தப்போ, முன் டீரெய்லர் கூண்டு செயினுக்கு ரெண்டு பக்கமும் காவல் நின்னுச்சு. ஒத்தைச் சக்கரமா மாத்தினதும் காவல்காரர் அவுட். அந்த வேலைக்குத்தான் செயின் கைடு.

ஆனா அவசரப்பட்டு பர்ஸைத் திறக்காதீங்க. 2012-ல் ஸ்ராம் நிறுவனம் ஒரு பல் அகலம், அடுத்தது ஒல்லின்னு மாத்தி மாத்தி வெட்டின சக்கரத்தைக் கொண்டுவந்தது. செயினிலும் ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல் இல்லையா? பல் கச்சிதமா உட்கார்ந்துக்கும். இந்தச் சக்கரமும், பின் டீரெய்லரில் கிளட்ச்சும் இருந்தா நம்ம ரோட்டுக்கு கைடே வேண்டாம்.

இல்லையா? மேல்பக்கம் மட்டும் காக்கும் சின்ன கைடு போதும். கீழே ரோலர், கவசத்தோடு வர்றதெல்லாம் மலைச்சரிவில் பாயுறவங்களுக்கு. பென்னலூரில் மலைக்கு எங்கே போறது?

பெடல் அச்சைச் சுத்தி மூணு துளைக் காதுகள் இருந்தா கைடை அதில் மாட்டலாம். சாதா பைக்கில் பெரும்பாலும் இருக்காது. அப்போ சீட் குழாயைக் கவ்வுற மாடல்தான். 28.6, 31.8, 34.9 மில்லிமீட்டர்னு அளவுகள் உண்டு. காலேஜ் வொர்க்‌ஷாப்பில் வெர்னியர் பிடிச்சது இப்பவாவது உதவட்டுமே! இல்லேன்னா குழாயில் நூலைச் சுத்தி அளந்து 3.14-ஆல் வகுங்க.

பாக்கெட் காலியா? கழட்டிப்போட்ட முன் டீரெய்லரையே கேபிள் இல்லாம மாட்டி, லிமிட் திருகைத் திருப்பி, செயினுக்கு நேரா கூண்டை நிறுத்துங்க. எல்லா கியரையும் மாத்திப் பாருங்க, உரசுற சத்தம் வரக் கூடாது. செயினே தேய்ஞ்சு நீண்டிருந்தா, முதல்ல அதை மாத்துங்க பாஸ்.