மார்பகப் புற்றுநோயும் மரபணுவும்

புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே தயங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதுவும் மார்பகத்தில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாய்க்கு வந்த நோயை மகளின் திருமணம் முடியும்வரை மூடி மறைப்பார்கள். "பரம்பரை நோய் என்று பெயர் வந்துவிட்டால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்பது அவர்களுடைய அச்சம். அந்த மறைப்பிலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இந்த அச்சத்தில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் இருக்கும் 23 இணைக் குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இந்த இணைக் கணக்கை முதலில் கண்டறிந்தவர் ஒரு துறவி என்பது நமக்குப் பெருமைதானே! அகுஸ்தீனார் சபைக் குருவான கிரகோர் மெண்டல், புருனோ நகரிலுள்ள தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, தாம் கண்டதை 1866இல் வெளியிட்டார். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் 3:1 என்ற விகிதம் அந்தத் தோட்டத்தில் விளைந்ததே.

புற்றுநோயைத் தூண்டும் மரபணுவின் கதையோ ஒரு கோழியில் தொடங்குகிறது. பெய்டன் ரௌஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கோழியின் உடலில் வளர்ந்த கட்டியை அரைத்து, உயிரணுக்கள் நீங்க வடிகட்டி, அந்த நீரை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. ஒரு வைரஸ் அந்நோயைக் கொண்டுவந்தது என்பதை 1911இல் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் சிலரே. 1966இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 87!

அந்த வைரஸில் நோயை உண்டாக்கும் மரபணு ஒன்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது? பிஷப், வார்மஸ் என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் 1976இல் அளித்த விடை அனைவரையும் வியக்க வைத்தது. நோயற்ற கோழிகளின் உயிரணுக்களிலேயே அம்மரபணு இருந்தது. வைரஸ்தான் அதைக் கோழியிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதாவது, புற்றுநோயைத் தூண்டும் மரபணு வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. உயிரணு எப்போது வளர வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்று சொல்வதற்காக உடலிலேயே அமைந்த ஒழுங்கான பணியாளன் அது. காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இத்தகைய மரபணுக்களின் வேலையே. அது கெட்டுப்போகும்போதுதான் தொல்லை. இக்கண்டுபிடிப்புக்கு 1989இல் நோபல் பரிசு கிடைத்தது.

மார்பகப் புற்றுநோயில் இவ்வாறு தடம் புரளும் மரபணுக்களில் நாம் மிக நன்றாக அறிந்திருப்பது ஹெர்-2. இதற்கு வழி திறந்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லட்சுமி சரண் பாதி (பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ணிவிடாதீர்கள், அவர் ஆண்), எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைக் கொண்டு ஆராய்ந்து, அது தோற்றுவிக்கும் ஒரு புதிய புரதத்தை 1982இல் அடையாளம் காட்டினார். அந்த மரபணுவுக்கு 'நியூ' என்று பெயரிட்டனர். 1985இல் மனிதரிடமும் அதே மரபணு, 17ஆம் குரோமோசோமில், கண்டறியப்பட்டது. அதுவே ஹெர்-2.

அது செய்வது என்ன? உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. நம் பள்ளி மணியை எண்ணிக்கொள்ளுங்கள். மணி அடித்தால் வகுப்பு மாறுகிறது. அடிக்காவிட்டால் அவரவர் இடத்திலேயே இருக்கிறோம். அப்படியே, வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வரும்போது இப்புரதம் அதனை உள்ளே அனுப்ப, உயிரணு பிரியத் தொடங்குகிறது. சாதாரணமாக ஓர் உயிரணுவில் ஹெர்-2 மரபணு இரண்டு பிரதிகள்தாம் இருக்கும். சில மார்பகக் கட்டிகளில் அது ஐம்பது வரைகூடப் பெருகிவிடுகிறது. உடனே புரதமும் பெருகி, அடிப்பார் இன்றியே ஆயிரம் மணிகள் ஓயாமல் ஒலிப்பதுபோல் ஆகிறது. உயிரணு நில்லாமல் பிரிந்துகொண்டே போகிறது.

டெனிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவரும் அவருடன் உழைத்தவர்களும் 189 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து, 1987இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 100க்கு 30 கட்டிகளில் ஹெர்-2 பெருகியிருந்தது. அவர்களுக்கே நோய் விரைவாகத் திரும்பி வந்தது. (இன்றைய கணக்கில் இது 100க்கு 15 முதல் 20 வரை.) குற்றவாளி தெரிந்தபின் விலங்கு செய்வது எளிதாயிற்று. அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் குரலை அடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. தொடக்க நிலையிலேயே மற்றச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு பாதியளவு குறைகிறது என்று 2005இல் தெரிந்தது. ஒரு காலத்தில் மிகக் கொடியதெனக் கருதப்பட்ட வகைக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. விலைதான் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. நம் நாட்டிலேயே தயாரான இணை மருந்து 2014இல் விற்பனைக்கு வந்தபின் அது ஓரளவு இறங்கியது.

இப்போது மகளின் திருமணத்துக்கு வருவோம். ஹெர்-2 பெருகுவது அந்தத் தாயின் மார்பகத்தில், அந்த ஓர் உயிரணுவிலும் அதன் வழிவந்தவற்றிலும் நடந்த விபத்து. கருமுட்டையில் அது இல்லை. ஆகவே மகளுக்கு அது போவதில்லை. பிறவியிலேயே பெற்ற மரபணுக் குறையால் வருவது மார்பகப் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10 வரைதான். அதற்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் வேறு வகை. அவை பழுதுபார்க்கும் காவலர்கள். அவற்றில் குறை இருந்தால் டி.என்.ஏ.வில் நேரும் சேதம் சரிவரச் சீராவதில்லை. அக்குறை தந்தை வழியாகவும் வரும். ஆனால் நம் வீடுகளில் பழி என்னவோ எப்போதும் தாய்வீட்டின் மேல்தான்! நெருங்கிய உறவினர் பலருக்கோ, மிக இளவயதிலோ இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைக்கும் குடும்பம் தன் மகளுக்குத்தான் தீங்கு செய்கிறது.

கன்னியர் மடங்களில் இந்நோய் மிகுதி என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாத்சினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். காரணம் இப்போது விளங்குகிறது. ஒவ்வொரு மாதவிலக்குச் சுழற்சியிலும் ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்கள் மார்பக உயிரணுக்களைப் பிரியத் தூண்டுகின்றன. பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை நேரலாம். மகப்பேறும் பாலூட்டலும் அச்சுழற்சிகளைக் குறைத்து, உயிரணுக்களை முதிர்ச்சியடையச் செய்கின்றன. அவ்வாய்ப்பு இல்லாத நம் அருட்சகோதரிகள், பிறர் நோயில் காட்டும் அக்கறையில் பாதியையாவது தம் உடல்மீதும் காட்டிப் பரிசோதனைக்குச் செல்லலாம் அல்லவா?

பெரும்பாலும் தொடக்கத்தில் வலி இராது. கட்டி, தோலில் சுருக்கம் அல்லது குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டியின் திசுவை எடுத்துச் சோதித்து, அது புற்றுநோயே என்று தெரிந்தால், அறிக்கையில் ஹெர்-2 என்ற இடத்தைப் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். 3+ என்றிருந்தால் மேலே சொன்ன மருந்து உதவக்கூடும். 2+ என்றால் முடிவு உறுதியாகவில்லை என்று பொருள். பிஷ் என்னும் மற்றொரு சோதனை செய்து மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்ப்பார்கள்.